ஆறு வயசு நடிகர்

எனக்கு இருபத்தொரு வயசு. பி.காம் கடைசி வருஷம். அடுத்து என்ன என்று யார் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதுதான் என் பதில். இந்த லட்சணத்தில் போன வாரம் ஒரு புத்தகத்தை எடுத்து, கீழே வைக்காமல் படித்து முடித்தேன். அவ்வை டி.கே. சண்முகம் எழுதிய "எனது நாடக வாழ்க்கை".

கமலின் "அவ்வை சண்முகி" (1996) தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். அந்தப் பெயர் இவருடையதுதான். சின்ன வயதில் கமல் இவருடைய நாடகக் குழுவில் நடித்தவர். ஔவையாராகக் கிழவி வேடம் கட்டியதால் சண்முகத்தின் பெயரோடு "அவ்வை" ஒட்டிக்கொண்டது. அதெல்லாம் பிற்பாடு. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது ஆரம்பக் கதைதான்.

பிறந்தது 1912-ல். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் அண்ணன்களோடு சேர்ந்தார். வயது ஆறு! மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி பாட வேண்டும். இந்தப் பையனுக்காகவே சுவாமிகள் "அபிமன்யு சுந்தரி" நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம். (நான் ஒரு அசைன்மென்டுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறவன்.)

பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்குப் பெரிய பயம் மகரக்கட்டு. குரல் உடைந்தால் நல்ல வேடம் கையை விட்டுப் போகும். 1922-ல் சுவாமிகள் காலமானார். 1925-ல் சகோதரர்கள் சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். அப்போது சண்முகத்துக்குப் பதின்மூன்று.

தாத்தாவிடம் இதை ஆர்வமாகச் சொன்னேன். அவர் எட்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். கரை வேறு, உடல் வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்து நாடாவை வீச நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அப்படிக் கரை போடும் பையனாகப் போனவர்தான் தாத்தா.

"அவரு பேரு வாங்கிட்டாரு. கூட இருந்த பசங்க என்னா ஆனாங்க?" என்றார்.

"என்.எஸ். கிருஷ்ணன் இவங்க கம்பெனியில இருந்தவருதான் தாத்தா."

"அவரும் பேரு வாங்கினவருதானடா!"

"சரி, உங்ககூடக் கரை போட்ட பசங்க?"

இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்டதே இல்லை. விரல் விட்டு எண்ணி ஐந்து பெயர் சொன்னார். அதில் சொந்தமாகத் தறி போட்டது ஒருத்தர்தானாம்.