வலியதா, ஏற்றதா?

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிழைப்பு நாடிப் பாறசாலையில் குடியேறிய என் தந்தையார், அவ்வெல்லையை நாள்தோறும் டீசல் பிக்கப்பில் கடக்கிறார். மார்த்தாண்டத்து வாழைக்குலை நெய்யாற்றின்கரை சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். என் படிப்புச் செலவும் அதிலிருந்தே.

சென்ற மாதம் கிளட்ச் வழுக்கத் தொடங்கிற்று. எஞ்சின் இரைந்தது, வண்டி மேடு ஏறவில்லை. "செராமிக் பிளேட் போடுங்க அண்ணாச்சி, பின்னே கவலையில்லை" என்றார் மெக்கானிக்.

பௌதிகம் பயிலும் நான் எண்ணிப் பார்த்தேன். செராமிக் மிகுந்த வெப்பம் தாங்கும், மெய்தான். ஆனால் வெடுக்கெனப் பற்றும். அவ்வதிர்ச்சியைக் கியர்ப்பெட்டி ஏற்க வேண்டும். இன்னும் வலிய ஸ்பிரிங் போட்டாலோ, களியக்காவிளை நெரிசலில் அதை ஓயாது மிதிக்க வேண்டியது 58 வயதுக் கால் அன்றோ!

ஆகவே, வண்டிக்கென வகுத்த சாதாரணப் பிளேட்டையே தேர்ந்தோம். பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் உடன் மாற்றினோம். எண்ணெய்க் கசிவு இல்லையென்றும் பார்த்துக்கொண்டோம்.

"அப்பா, பாரத்தோடு இரண்டாம் கியரில் புறப்பட வேண்டாம்" என்றேன். கியர் விகிதம் பாதியானால், சமதளத்தில் அதே எஞ்சின் வேகத்தில் கிளட்சில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும்.

"சரி மக்களே" என்றார்.

நண்பர்களே, வலிமையை விலை கொடுத்து வாங்கிவிடலாம். பொருத்தத்தை நாம்தான் அறிந்து தேர வேண்டும்.