கிளார்க்கின் லொறி

அக்காவின் மகள் கல்வித் தொழில்நுட்பம் என்று ஒரு மாஸ்ரர்ஸ் படிக்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதென்பதே அவள் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் மூன்றாம் வருசத்தோடு நின்றவன். அதற்குப் பிறகு ரொறொன்ரோவில் படித்ததெல்லாம் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கண்ணீர் விடாமல் எப்படி வெட்டி முடிப்பது என்பதுதான்.

திங்கட்கிழமை எனக்கு லீவு. அக்கா வீட்டுக் குசினி மேசையில் இருந்து தான் எழுதியதையெல்லாம் எனக்குச் சொல்லிக் காட்டுவாள். "மாமாவுக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும்" என்பது அவளுடைய கணக்கு. இது புகழ்ச்சியா நக்கலா என்று நான் ஆராயப் போவதில்லை.

இந்தமுறை ஒப்படை, குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் என்ன தொழில்நுட்பத்தோடு படித்தார் என்று கேட்டு எழுதுவது.

"மாமா, உங்கட ஸ்கூலிலை என்ன ரெக்னோலொஜி இருந்தது?"

"ஒண்டும் இல்லை."

அவள் அதை அப்படியே தட்டினாள். திரையில் பார்க்கத்தான் அது பொய் என்று பட்டது.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. 96 வரைக்கும் நாங்கள் படித்தது மண்ணெண்ணெயில். அதுவும் பொருளாதாரத் தடையில் தங்கமாய் விற்ற மண்ணெண்ணெய். அரிக்கன் லாம்பு கொளுத்தக் கட்டாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், மெல்லிய நூல் திரி. இவ்வளவுதான் விளக்கு. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து மற்றவர்கள் ரேடியோ கேட்டோம். ரியூசன் கொட்டிலில் கரும்பலகைக்குப் பூச்சு நாங்களே அரைத்த கரியும் ஊமத்தம் இலையும். நோட்ஸ் எல்லாம் கையால் பார்த்தெழுதினது. ஒருவருடைய கொப்பி நாலு வீடு போய்த் திரும்பி வரும்போது மட்டை இருக்காது.

இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தான் படித்த கதைகளைச் சொன்னாள். சினிமாப் படம் வந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு வேலையில்லை என்று எடிசன் 1913இல் சொன்னாராம். 1953இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் தன் மகளின் கணக்கு வகுப்புக்குப் போய்ப் பின்னால் இருந்து பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளையும் விளங்காத பிள்ளையும் ஒரே வேகத்தில் போகவேண்டி இருந்தது. செய்தது சரியா பிழையா என்று அந்த இடத்திலேயே தெரிய வழியில்லை. அவர் வீட்டுக்கு வந்து ஒரு இயந்திரம் செய்தார். ஒரு கேள்வி வரும், விடை எழுதினால் உடனே சரி பிழை காட்டும், அவரவர் வேகத்தில் போகலாம். ஒரு தகப்பனுக்கு வந்த கோபம் என்றுதான் எனக்கு அது பட்டது. மனுசனை எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஆனால் என்னைப் பிடித்து உலுப்பியவர் கிளார்க். றிச்சர்ட் கிளார்க், 1983இல் எழுதியது. ரெலிவிசனால் படித்தால் கூடவா, கொம்பியூட்டரால் படித்தால் கூடவா என்று அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, சாதனம் கற்பிப்பதில்லை, கற்பிக்கிற முறைதான் கற்பிக்கிறது என்றார். மளிகைச் சாமான் கொண்டுவருகிற லொறி எங்கள் உடம்பின் சத்தைக் கூட்டுவதில்லை அல்லவா, அதுபோல.

லொறி என்றதும் எனக்கு விடிய ஆறு மணி ஞாபகம் வந்தது. எங்கள் றெஸ்ரோரண்டுக்கு மீன் லொறி வருகிற நேரம். கையெழுத்து வைத்து எடுக்கிறவன் நான். கிளார்க் சொல்வது பாதி சரி. கறி ருசிப்பது லொறியால் இல்லை, அதற்குக் குசினியில் ஆள் வேண்டும். ஆனால் பெட்டிக்குள் ஐஸ் உருகியிருந்தால் நான் மீனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். குளிர் இல்லாத லொறி கொண்டுவருவது வேறு சாப்பாடு. (பிறகு கொஸ்மா என்றொருவர் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிக் கிளார்க்கோடு மல்லுக்கட்டினாராம். அவரும் குசினியில் நின்றவரோ தெரியாது.) லொறியே வராவிட்டால்? 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதையை மூடினபோது என்னுடைய படிப்பும் அதோடு நின்றது. நல்ல விரிவுரையாளர்கள், நல்ல பாடத்திட்டம், எல்லாம் இருந்தது. பாதைதான் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2020 பங்குனியில் றெஸ்ரோரண்ட் பூட்டியபோது இன்ரர்நெற்றில் இலவச வகுப்பொன்றில் சேர்ந்தேன். நான் விட்ட அதே கணிதம். வீடியோவில் அருமையான வாத்தியார். விளங்காவிட்டால் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். ஸ்கின்னரின் இயந்திரம் மாதிரியே விடையை உடனே திருத்தித் தரும். மூன்றாம் கிழமை கடையை பார்சலுக்குத் திறந்தார்கள், நான் வகுப்பைத் திறக்கவில்லை. இந்தமுறை பாதையை ஒருவரும் மூடவில்லை. பக்கத்தில் பெடல் சுற்றவோ, கொப்பி எப்ப தருவாய் என்று கேட்கவோ ஒரு ஆள் இருந்திருந்தால் முடித்திருப்பேனோ என்று இப்பவும் நினைப்பதுண்டு. சாட்டு என்றும் சொல்லலாம்.

"அப்ப அந்த ஒரு விளக்கிலை நீங்களும் அம்மாவும் சேர்ந்துதான் படிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

அடுப்படியில் நின்ற அக்கா திரும்பாமலே சொன்னா. "சேர்ந்து இல்லை. இவனுக்கு ஸ்கொலர்சிப் சோதினை எண்டு அம்மம்மா விளக்கை இவன்ர பக்கம் தள்ளி வச்சிடுவா. எனக்கு அந்த வருசம் ஓ.எல். நான் விடிய வெளிச்சம் வந்தாப்பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறது. அதுக்குள்ளை கிணத்தடி வேலையும் வந்திடும்."

எனக்கு அப்போது பத்து வயது. விளக்கு மேசைக்கு நடுவில் இருந்ததாகத்தான் இவ்வளவு காலமும் என் ஞாபகம்.

மருமகள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ மாமாட்டைத்தானே கேட்டனி" என்றா அக்கா.