தாய்ப்பாலும் தாயின் தயக்கமும்

தாய்ப்பால் ஊட்டுதல் இயற்கையான செயல் என்று கூறி முடித்துவிடுவோர் பலர். நடத்தலும் மனிதருக்கு இயற்கையானதே; ஆயினும், விழுந்து எழாமல் நடக்கக் கற்ற குழந்தை எங்கும் இல்லை. முதல் பிள்ளையைப் பெற்றெடுத்த இளந்தாயும் அவள் மடியில் கிடக்கும் பச்சிளங்குழந்தையும் இக்கலையை அன்றுதான் பயிலத் தொடங்குகின்றனர். அப்பயிற்சியின் தொடக்க நாள்களில் நேரும் இடர்களே பல வீடுகளில் தாய்ப்பாலை நிறுத்திவிடுகின்றன.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாயினும் கிள்ளானின் வரிசை வீடாயினும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. பிரசவமாகி மூன்றாம் நாள்; குழந்தை வீரிட்டு அழுகிறது; தாயின் முலைக்காம்பு வெடித்து எரிகிறது. பார்க்க வந்த உறவினர், "பிள்ளைக்குப் பால் பத்தல போலிருக்கே" என்கிறார். மறுநாள் பால்மாவு டின் வீட்டிற்கு வந்துவிடுகிறது. கூறியவர் அன்பினால்தான் கூறினார். எனினும், அவ்வொரு சொல் தாயின் நம்பிக்கையைக் குலைத்துவிடுகிறது. புட்டிப்பாலால் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புதல் குறையக் குறையச் சுரப்பும் குறைகிறது. வெறும் அச்சமாக இருந்தது இறுதியில் உண்மையாகிவிடுகிறது.

மலாயா மண் இத்துயரை முன்னரே கண்டது. ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் இங்குப் பணியாற்ற வந்தார். இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்ததன் விளைவாக ஏழைக் குழந்தைகள் நலிந்து மடிவதைக் கண்டு அவர் நெஞ்சு கொதித்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் பொருளில் அவர் ஆற்றிய உரை உலகப் புகழ்பெற்றது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனையை நெறிப்படுத்தும் விதித்தொகுப்பை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றது 1981இல்தான்.

இடர்கள் பலவாயினும் பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. முதல் நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் சிறிதளவே இருக்கும். பிறந்த குழந்தையின் வயிறும் சிறியதே. பசுவின் சீம்பாலை வெல்லமிட்டுக் காய்ச்சிச் சுவைத்த சமுதாயமே, தாயின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றியது பெரும் முரண். பால் மிகுதியாக இறங்க 2 முதல் 4 நாள்கள் ஆகலாம். அதுவரை சர்க்கரைத் தண்ணீர் வேண்டியதில்லை. 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தீங்கும் விளைவிக்கும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டுதல் இயல்பானது. ஐந்தாம் நாளுக்குப்பின் நாளுக்கு 6 முறையேனும் குழந்தை சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்றே கொள்ளலாம். அழுகை ஒன்றே பசியின் அளவுகோல் அன்று.

காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை காம்பின் நுனியை மட்டும் பற்றுவதே. வாயை அகலத் திறக்கச் செய்து, காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தையும் பெருமளவு பற்றச் செய்தால் வலி தணியும். பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி ஊட்டுவதும், மென்மையாகக் கையால் பீய்ச்சுவதும், பின்னர்க் குளிர்ந்த துணி வைப்பதும் நலம் தரும். மார்பு சிவந்து காய்ச்சலும் கண்டால் மருத்துவரை நாட வேண்டும். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

மூத்தோர் அறிவு அனைத்தும் ஒதுக்கத்தக்கதன்று. பால் வற்றச் செய்ய மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் தென்னாட்டு வழக்கத்தை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து, அது பயனளிப்பதை 1988இல் வெளியிட்டனர். ஆனால், அது பாலை நிறுத்த விரும்புவோர்க்கே உரியது. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதோ எவ்வகையிலும் நன்றன்று.

தோட்டப்புறத்தில், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்றாள் அன்றைய தாய். மரத்துப் பாலை வாளியில் சேர்த்தவளின் மார்பில் பிள்ளைக்குரிய பால் கட்டி வலித்தது. இன்றைய தாய் கோலாலம்பூர் அலுவலகத்திற்குச் செல்கிறாள், வலி மாறவில்லை. 2023 சனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 98 நாள்களாக உயர்ந்தது. தகுதியுடைய தந்தைக்கும் 7 நாள் விடுப்பு கிடைத்தது. விடுப்பு முடிந்த பின்னும் பாலைப் பீய்ச்சிக் குளிர்பெட்டியில் 4 நாள்வரை காக்கலாம். அதற்கு அலுவலகத்தில் கதவடைத்த ஓர் அறையும் அரைமணி நேரமுமே வேண்டும்.

எல்லா முயற்சிக்குப் பின்னும் சில தாயருக்குப் பால் போதாதிருக்கலாம். மருத்துவர் அறிவுரைப்படி பால்மாவு தருவது குற்றமன்று. அதனால் தாய்மையின் தரம் குறைவதுமில்லை. பழி சுமத்தும் வீட்டைவிடத் துணை நிற்கும் வீடே தாய்க்கு மருந்து. இரவில் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யும் கணவனும், வீட்டிற்கு வரும் தாதியிடம் ஐயம் கேட்கத் தூண்டும் மாமியும், தம்பிக்குத் துணி மடித்துவைக்கும் பள்ளிச் சிறுவனும் அத்துணையில் பங்குடையோரே. "பால் பத்தல" என்று சொல்ல வாயெடுப்பவர், "நீ கொஞ்ச நேரம் தூங்கும்மா, பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லப் பழகட்டும்.