கதவைத் திறக்கும் காசு

கிளவுடில் ஒரு பொருளை வைத்திருப்பது மலிவு. உள்ளே கொண்டுபோய் வைப்பதுதான் செலவு. சேமிப்பிடம் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் "ஜிபிக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். வாடகை மட்டும் கேட்டுவிட்டு வீடு பார்ப்பது மாதிரிதான் அது.

நான் சேர்ப்பது பேருந்துகளை. நிலப் போக்குவரத்து ஆணையம் 'டேட்டாமால்' என்ற பெயரில் இலவசமாகத் தரும் வருகைத் தகவலைச் சொல்கிறேன். நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்தால் போதும். அங்கே நிற்கும் ஒவ்வொரு சேவைக்கும் அடுத்த மூன்று பேருந்துகள் எப்போது வரும், இப்போது எங்கே இருக்கின்றன, ஒற்றை மாடியா இரட்டை மாடியா, உள்ளே இடம் இருக்கா, எல்லாம் வந்துவிடும். 20 விநாடிக்கொரு முறை புதுப்பிக்கப்படும். கூட்டத்துக்கு மூன்று குறியீடுகள்: உட்கார இடமிருந்தால் எஸ்இஏ, நிற்க இடமிருந்தால் எஸ்டிஏ, நிற்பதற்கும் இடம் குறைவென்றால் எல்எஸ்டி. (இந்த மூன்று எழுத்தை இந்த ஊர் அரசாங்க ஆவணம் ஒன்றில் முதன்முதலாகப் பார்த்தபோது ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் போனேன்.)

ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவும் மற்ற ஆறு நாள் தேக்காவும் ஒன்றில்லை என்பது கண்ணிருக்கும் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வேறு, எந்த மணிக்கு வேறாக ஆரம்பிக்கிறது, எந்த சேவையில்? அதைத்தான் எண்ணில் பார்க்க ஆசைப்பட்டேன். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆசை. சிராங்கூன் சாலை, ஜாலான் புசார், புக்கிட் தீமா சாலையின் தேக்கா முனை என்று 40 நிறுத்தங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

முதலில் காகிதத்தில் கணக்கு. 20 விநாடிக்கு ஒரு முறை, 40 நிறுத்தம் என்றால் ஒரு நாளைக்கு 1,72,800 பதில்கள். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக அமேசானின் எஸ்3-இல் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 52 லட்சம் கோப்புகள். ஒரு பதில் சராசரி 5 கேபி என்று வைத்தால் மொத்தமே 26 ஜிபிதான். சிங்கப்பூர் வட்டாரத்தில் ஜிபிக்கு மாதம் 2.5 அமெரிக்கக் காசு, ஆக வாடகை 65 காசு. ஆனால் ஆயிரம் கோப்பை உள்ளே வைக்க அரைக் காசு வாங்குகிறார்கள். 52 லட்சத்துக்கு 26 டாலர். வீட்டு வாடகையைப் போல நாற்பது மடங்கு கதவைத் திறந்து மூடுவதற்கே!

அப்படியானால் ஒரே கோப்பில் வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். சாதாரண எஸ்3-இல் அது முடியாது. வைத்த கோப்பு வைத்ததுதான். ஒரு வரி கூட்ட வேண்டுமென்றாலும் முழுதையும் புதிதாக எழுதி மேலே வைக்க வேண்டும். ஆகவே ஓடிவரும் தரவைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு வருவதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பினால் நாளைக்கு 288 கோப்பு, மாதத்துக்கு நான்கு காசு சொச்சம். நடுவில் நிரல் செத்துப்போனால் ஐந்து நிமிடத் தேக்கா காணாமல் போகும். அந்தப் பேரத்துக்கு நான் சம்மதித்தேன். வங்கிப் பரிவர்த்தனை என்றால் சம்மதித்திருக்க மாட்டேன்.

அடுத்தது வடிவம். இந்தத் தரவு ஜேசன் வடிவில், டப்பாவுக்குள் டப்பாவாக வருகிறது. ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் ஒட்டியிருக்கும். ஆனால் எத்தனை டப்பா வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூன்றாவது பேருந்து இல்லையென்றால் அதன் டப்பா வெறுமையாக வரும். சேவையே ஓடாத நேரமென்றால் அந்த சேவையின் பெயரே வராது. இரண்டும் 'இல்லை'தான், ஆனால் ஒரே 'இல்லை' கிடையாது. மூன்றாம் பதிப்பில் புதிதாக இன்னொரு புலம் சேர்ந்தது: சொல்லப்படும் நேரம் பேருந்து நிஜமாக இருக்கும் இடத்தைப் பார்த்துக் கணித்ததா, வெறும் கால அட்டவணையா என்று அது சொல்லும். இதையெல்லாம் முதல் நாளே கறாரான அட்டவணைக்குள் திணித்திருந்தால், தெரியாத புலம் வந்த அன்று அட்டவணை ஒன்று அடம்பிடிக்கும், இல்லை சத்தமில்லாமல் அதைத் தூக்கி எறியும். இரண்டாவதுதான் ஆபத்து.

அதனால் வந்தது வந்தபடி, சுருக்கி, ஒரு பிரதி. ஒவ்வொரு இரவும் அதிலிருந்து 'பார்கே' வடிவத்தில் இன்னொரு பிரதி. பார்கே தரவை வரிவரியாக இல்லாமல் பத்தி பத்தியாக அடுக்கும். கூட்டத்தை மட்டும் கேட்டால் கூட்டப் பத்தியை மட்டும் படிக்கும். அதீனா போன்ற சேவைகள் படித்த அளவுக்குக் காசு கேட்பவை, டெராபைட்டுக்கு 5 டாலர். கேள்வி மலிவாக இருந்தால்தான் அசட்டுக் கேள்விகளையும் கேட்கத் தோன்றும், அசட்டுக் கேள்விகளில்தான் எனக்கு ருசி.

மூலப் பிரதி எதற்கு என்று அலுவலக நண்பன் கேட்டான். அவனுக்கு பிவி46 கதையைச் சொன்னேன். 2016-இல் வட்ட ரயில் பாதையில் ரயில்கள் காரணமே தெரியாமல் சமிக்ஞை இழந்து நின்றன. அரசாங்கத் தரவு அறிவியலாளர்கள் மூவர் அந்தச் சம்பவங்களின் நேரத்தையும் இடத்தையும் திசையையும் ஒரே படத்தில் வரைந்து பார்த்தார்கள். கோளாறு பாதையோடு நகர்ந்துகொண்டிருந்தது. நின்றுபோன ரயில்கள் எதுவும் குற்றவாளி இல்லை. எதிர்த்திசையில் கடந்துபோன, தனக்கு ஒன்றும் ஆகாத பிவி46 என்ற ரயில்தான் போகிற வழியெல்லாம் மற்றவற்றை நிறுத்திக்கொண்டு போயிருக்கிறது. "இன்று எத்தனை கோளாறு" என்ற ஒற்றை எண்ணை மட்டும் யாராவது சேமித்திருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

"சரி சரி, வச்சுக்கோ மச்சி," என்றான்.

என் ஞாயிறுகளுக்கு வருகிறேன். மாலை ஆறுக்குப் பிறகு எல்எஸ்டிக்கள் வரிசை கட்டுகின்றன. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அந்த வரிசை நான் நினைத்த அளவுக்கு நீளமாக இல்லை. சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில்கூட 65-இல், 147-இல் நிற்க இடம் இருப்பதாகத் தரவு சொல்கிறது. தரவு பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு ஞாயிறு மாலை போனேன்.

பொய் சொல்லவில்லை. கூட்டத்தில் பெரும்பகுதி அந்த நிறுத்தங்களுக்கே வருவதில்லை. தேக்கா லேன் பக்கம், தங்குவிடுதிகளுக்குப் போகும் தனியார் பேருந்துகளுக்காக நிற்கிறது. டேட்டாமாலில் அந்தப் பேருந்துகளுக்கு எண் இல்லை, வருகை நேரம் இல்லை, எல்எஸ்டி இல்லை. வெறுமையான டப்பாகூட இல்லை. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ் ஊழியர் அடிபட்டு இறந்ததும், தொடர்ந்து கலவரம் மூண்டதும் அப்படியொரு பேருந்தின் அடியில்தான் தொடங்கின.

வரிசையில் நின்ற புதுக்கோட்டைக்காரர் ஒருவர் என் கைப்பேசித் திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுல எங்க பஸ் வருமா?"

"வராதுண்ணே. பப்ளிக் பஸ் மட்டும்தான்."

"அப்ப சரி," என்று பையைத் தரையில் வைத்தார். நான் அங்கே இருந்த நேரத்தில் அவர் பேருந்து வரவில்லை. 40 நிமிடம்.

அந்த 40 நிமிடத்தை எங்கே வைப்பது? பக்கெட்டில் மூன்றாவதாக ஒரு அடைவு திறந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு கோப்பு, கையால் எழுதுவது. வரிசை எந்தத் தூண்வரை, மழையா, எந்த விடுதியின் பேருந்து முதலில் வந்தது, யார் என்ன சொன்னார்கள். இதுவரை ஆறு கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றின் புலங்கள் இன்னொன்றில் இல்லை. இரவு ஓடும் பார்கே நிரலை இதன் பக்கம் இன்னும் விடவில்லை.