இந்த சாயாவுக்கு யாரும் டீ குடிக்கப் போனதில்லை

ஜப்பானிய மொழியில் 'ச்சா' என்றால் டீ, 'யா' என்றால் கடை அல்லது வீடு. ரெண்டையும் சேர்த்தால் 'ச்சாயா'. நாகர்கோவில் பக்கத்து மக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை :-) ஆனா போன மாசம் நான் பார்த்துட்டு வந்த சாயா டீக்கடை இல்லை. காசுள்ள வியாபாரிகளும் பெரிய மனுஷங்களும் கெய்ஷாக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் ரசிக்கப் போன வீடு.

ஊர் பேரு கனசாவா. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென்னில் ரெண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. 2015-ல்தான் இந்த ரயில் அங்கே போக ஆரம்பிச்சுது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழாமல் தப்பித்த ஊர் என்பதால் பழைய தெருக்கள் மிச்சம் இருக்கு. அதில் ஒண்ணு ஹிகாஷி ச்சாயா. நகரத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்த விடுதிகளை, அப்போது ஆண்ட காகா பிரபுக்கள் 1820-ல் இங்கே ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தாங்க. அதே வருஷம் கட்டின 'ஷிமா' என்ற வீடு இன்னும் நிக்குது. 2003-ல் அரசாங்கம் அதை முக்கியக் கலாச்சாரச் சொத்தா அறிவிச்சுது. இப்போ மியூசியம்.

"கெய்ஷா வீட்டைப் பார்க்கப் போறேன்"னு ஆபீஸ்ல சொன்னதும் நம்ம பசங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! "நடத்து மச்சி!" எல்லாம் 2005-ல் வந்த ஹாலிவுட் படத்தோட புண்ணியம். அந்தப் படத்துக்கு மூலமான ஆர்தர் கோல்டனின் நாவல் 1997-ல் வந்தது. அவர் பேட்டி எடுத்த கியோத்தோ கெய்ஷா மினேகோ இவாசாகியே, தன் பேரை வெளியே சொல்லிட்டார், எங்க தொழிலைத் தப்பாக் காட்டிட்டார்னு 2001-ல் வழக்குப் போட்டார். 2003-ல் சமரசம் ஆச்சு. அதுக்கு நடுவில் 2002-ல் தன் கதையைத் தானே புத்தகமா எழுதிட்டார். 'கெய்' என்றால் கலை, 'ஷா' என்றால் ஆள். கலைஞர், அவ்வளவுதான்.

புத்தகத்தை விடுங்க, கட்டடமே சாட்சி சொல்லுது. தெருப்பக்கம் பூச்சிக்கூண்டு மாதிரி நெருக்கமான மரச்சட்ட ஜன்னல். உள்ளே இருந்து தெரு தெரியும், தெருவிலிருந்து உள்ளே தெரியாது. அந்தக் காலத்தில் சாதாரணக் கடை வீடுகளுக்கு மாடி கட்டத் தடை, ச்சாயாவுக்கு மட்டும் அனுமதி. அந்த மாடிதான் விருந்தாளிகளுக்கு. செங்காவி நிறச் சுவர், கீழே தாத்தாமிப் பாய். அலங்கார மாடத்துக்கு முதுகு காட்டி விருந்தாளி உட்காருவார். அவருக்கு நேர் எதிரே இன்னொரு சின்ன அறை. நடுவில் இருக்கும் தள்ளுகதவு திறந்தால் அதுதான் மேடை. ஷாமிசென், மேளம், நடனம் எல்லாம் அங்கேதான்.

முக்கியமான விஷயம், அந்த அறைகளில் சுவர் அலமாரி கிடையாது. ஜப்பானிய வீடுகளில் மெத்தையைச் சுருட்டி வைக்க அலமாரி கட்டாயம் இருக்கும். இங்கே வேணும்னே வைக்கலை. இந்த அறை படுக்க இல்லை என்பதை அஸ்திவாரம் போடும்போதே முடிவு பண்ணிட்டாங்க. நம்ம பாஷையில் சொன்னா, கோடைப் பார்த்தே ஸ்பெக் என்னன்னு சொல்லிடலாம்.

இதோடு பதிவை முடிச்சிருந்தா சுபம் போட்டிருக்கலாம். ஆனா படியிறங்கிக் கீழே வந்ததும் மனசு கொஞ்சம் கனத்துப் போச்சு. கீழேதான் ஒகாமி என்ற முதலாளியம்மாவின் அறை. அடுத்து சமையலறை, ஒரு கிணறு, சாமான் வைக்கக் கருங்கல் நிலவறை. மேலே இருக்கும் பளபளப்பு இங்கே இல்லை. கண்ணாடிப் பெட்டிகளில் சீப்பு, கொண்டை ஊசி எல்லாம் வைச்சிருக்காங்க. அதைச் சூடினவங்க பேர் எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் கெய்ஷா தொழிலுக்கு வந்த பொண்ணுங்க பல பேர் ஆசைப்பட்டு வந்தவங்க இல்லை. ஏழை அப்பா அம்மா முன்பணம் வாங்கிட்டு, சின்ன வயசுலயே கொண்டு வந்து விட்டுட்டுப் போன குழந்தைங்க. வேலை, பயிற்சி, பயிற்சிக்கும் பட்டுக்கும் சேர்த்து ஏறும் கடன். ஊதுபத்தி எரியும் நேரத்தை வைச்சு மேலே கட்டணம் கணக்குப் போட்டிருக்காங்க. கீழே கடன் கணக்கு ஓடியிருக்கு. 1947-ல் வந்த தொழிலாளர், குழந்தைகள் நலச் சட்டங்களுக்கு அப்புறம்தான் நிலைமை மாறிச்சு. இப்போ பள்ளிக்கூடம் முடிச்சு, தானா விரும்பி வர்றவங்கதான். கனசாவாவில் இன்னிக்கும் கெய்ஷாக்கள் இருக்காங்க.

ஆக, "அவங்க அப்படிப்பட்டவங்களா?"ன்னு கிசுகிசுக்கிறதும் தப்பு, "ஆஹா, தெய்வீகக் கலை"ன்னு கன்னத்துல போட்டுக்கிறதும் பாதி உண்மைதான். மேலே கலை, கீழே கடன். ஒரே வீடு, நடுவில் ஒரு மரப்படி.

கனசாவா போற மக்கள் ஷிமாவைத் தவறவிடாதீங்க. ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுட்டுப் போங்க, செருப்பை வாசல்லயே கழட்டணும் :-) பக்கத்து அறையில் காசு கொடுத்தா மாச்சா டீயும் இனிப்பும் உண்டு. கசப்பான டீதான். மாடியில் எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க. கிணத்தடியில் கூட்டமே இருக்காது. அங்கேயும் ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க.