இலங்கையிலிருந்து வந்த ஒட்டகங்கள்

ராஜஸ்தானில் ஒட்டகம் மேய்க்கும் ரேபாரிகளைக் கேட்டால், ஒட்டகம் தங்கள் மண்ணுக்கு இலங்கையிலிருந்துதான் வந்தது என்பார்கள். ஓட்டி வந்தவர் பாபுஜி. கோலு என்ற சிற்றூரின் ராத்தோட் குல வீரர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பார்கள். லட்சுமணனின் அவதாரம் என்று கும்பிடுகிறார்கள். அண்ணன் மகள் கேலத்தின் கல்யாணத்துக்குச் சீராக இலங்கை ஒட்டகங்களைத் தருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஒட்டகம் வந்து சேரவில்லை. புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணைக் கேலி பேசினார்கள். வாக்கைக் காப்பாற்ற மறுபடியும் ஒரு இலங்கைப் படையெடுப்பு, மறுபடியும் ராவணனோடு ஒரு போர். இந்தக் கதையைத் துணியில் தீட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் பீல்வாடாவுக்குப் போனேன்.

நெசவாலைகள் நிறைந்த ஊர் அது. ஆனால் பட் எனப்படும் இந்தத் துணி ஓவியத்துக்குக் கையால் நெய்த கதர்தான். இரவு முழுக்க ஊறவைத்து, மாவுக் கஞ்சி போட்டு, விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவிடுகிறார்கள். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். விரலை ஓட்டிப் பார்த்தேன்; இழை தட்டுப்படவே இல்லை. மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. எல்லாமே அரைத்துப் பிசின் கலந்தவை.

முழுக் கதையையும் முதலில் வெளிர்மஞ்சள் கோட்டில் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் ஒரு நிறத்தை எடுத்தால், துணி முழுக்க அது வேண்டிய இடமெல்லாம் நிரப்பிய பிறகே அடுத்த நிறம். முகத்துக்கும் கைகால்களுக்கும் செம்மஞ்சள், நகைக்கு மஞ்சள், மரத்துக்குப் பச்சை, உடைக்குச் சிவப்பு. கறுப்புக் கோடு கடைசி. நான் போனபோது செம்மஞ்சள் மட்டும் முடிந்திருந்தது. சுமார் 15 அடி நீளத் துணியில், உடையும் ஆயுதமும் இன்னும் வராத முகங்களும் கைகளும் கூட்டம் கூட்டமாக மிதந்தன. ஒவ்வொன்றாகக் காட்டி "இது யார்?" என்றேன். வரைந்துகொண்டிருந்த பெரியவர் தூரிகையைக் கீழே வைக்காமலே பெயர் சொன்னார். சாமியார் வேடத்தில் இலங்கைக்கு வேவு பார்க்கப் போன ரேபாரி வீரன் ஹர்மல் அப்போது வெறும் முகமும் இரண்டு கைகளும்தான்.

கதை இந்தத் துணியில் வரிசையாக ஓடுவதில்லை. நடுவில் பெரிதாகக் கோலு அரண்மனை, அதில் பாபுஜி. எதிரி ஜிந்தராவ் கீச்சியின் அவை ஒரு பக்கம், பாபுஜி பெண் எடுத்த உமர்கோட் ஒரு பக்கம், இலங்கை ஓர் ஓரத்தில். எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப்பக்கத்தில்தான் அந்தக் காட்சி. முன்னது பின்னது என்ற கணக்கே இல்லை. விவரம் அறியாதவர் நின்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பிடிபட வைப்பவர் போப்பா. இரவில் துணியைக் கட்டி, ராவணஹத்தா இசைத்து ஆடிப் பாடி, கோலால் இடத்தைச் சுட்டுவார். மனைவி போப்பி விளக்கைத் தூக்கிப் பிடிப்பார். மணமேடையை வலம் வரும்போதே தேவல் என்ற பெண்ணின் பசுக்களைக் கீச்சி கவர்ந்துவிட்டான் என்ற சேதி வர, முடிச்சை வாளால் அறுத்துவிட்டுப் பாபுஜி குதிரையேறும் இடத்தில், பாட்டோடு வெளிச்சமும் உமர்கோட்டை விட்டு நகரும். மேய்ச்சல்காரர்களுக்கு அது இரவெல்லாம் நடக்கும் வழிபாடு. அவர்களுக்காக வரைபவர் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இன்று பார்ப்பவர்களும் வரைபவர்களும் மாறிவிட்டார்கள். பட் வரைவது தலைமுறைகளாக ஜோஷி குடும்பங்களின் தொழில். முன்பெல்லாம் மகள்களுக்குக்கூடக் கற்றுத்தர மாட்டார்கள், கலை வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று. மருமகள்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஸ்ரீலால் ஜோஷி 1960இல் பீல்வாடாவில் பள்ளி தொடங்கி, வெளியாருக்கும் கதவைத் திறந்தார். 2006இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தேவநாராயண் என்ற நாட்டார் தெய்வத்தின் 30 அடி வரை நீளும் பட் ஓவியத்தை, தபால்துறை 1992இல் ஒரு தபால்தலைக்குள் அடக்கியது. சுவரில் மாட்ட வாங்குகிறவர் கேட்பது ஒரே ஒரு காட்சி: குதிரைமேல் பாபுஜி. வாங்குகிறவருக்குப் பாடிக்காட்ட ஆளில்லை. ஆகவே படத்தின் ஓரத்தில் இந்தியில் நாலு வரி எழுதித் தருகிறார்கள். அளவு சுருங்கியதில் எனக்கு வருத்தமில்லை. பத்துப் பேர் கூலி வாங்க அதுதான் வழிசெய்கிறது. வேறு சாதிப் பெண்கள் இங்கே உட்கார்ந்து வரைவதும் அதனால்தான்.

என் மனம் ஒப்பாதது கட்டங்கள்தான். குழந்தைகளுக்கான படக்கதைப் பக்கம் ஒன்றை ஓர் இளம்பெண் வரைந்துகொண்டிருந்தாள். ஹர்மல் கடல் கடப்பது முதல் கட்டம், ஒட்டகங்களைக் காண்பது இரண்டாவது, திரும்பி வருவது மூன்றாவது. கோடும் நிறமும் கொஞ்சமும் குறை சொல்ல முடியாதவை. மனிதர்கள் நம்மைப் பாராமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பழைய முறையையும் விடவில்லை. ஆனால் இலங்கைக்கும் கோலுவுக்கும் இடையிலான தூரத்தைக் காணோம். பெரிய துணியில் அந்தத் தூரத்தைக் கண் நடந்துதான் கடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "போப்பாவுக்கு வரைந்தால், அவர் வந்து நிற்கும்போதுதான் பாபுஜிக்குக் கண்மணி வைப்போம். வைத்ததும் அது கோயில். என் பெயரும் அவர் பெயரும் பக்கத்தில் எழுதுவோம். துணி நைந்தால் புஷ்கர் ஏரியில்தான் விட வேண்டும். புத்தகத்தை அப்படி யார் விடுவார்கள்? அதற்கு வேறு சட்டம்" என்றார்.

சட்டம் வேறாகவே இருக்கட்டும், மடித்து மடித்து வைத்து ஒரே நீளத்தாளாக விரியும் புத்தகம் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் திரும்பி, "குருஜி, ஒன்பது மடிப்பு வந்தால் இலங்கை கடைசி மடிப்பில் வரும்" என்றாள். பெரியவர் சிரித்துவிட்டு, தாள் என்ன விலைக்கு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.