ஏனாம் கடிதங்கள்

என் மனைவி இப்போது பாரீசுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளுக்கு இரண்டாவது பிரசவம். என் அக்காவுக்கு 82 வயது, எங்களோடுதான் இருக்கிறார்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டு இருவரும் கிளம்ப முடியாது. அதனால் ஒரு டிக்கெட்தான் எடுத்தோம்.

விசா விண்ணப்பத்தை நிரப்பியது நான். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், எங்கள் தெருவுக்குப் பிரான்சிலிருந்து வரும் காகிதமெல்லாம் இன்றும் என் மேசைக்குத்தான் வரும். மகள் அங்கே மேரிக்குப் போய் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ வாங்கி அனுப்பினாள். வருகிறவரை என் வீட்டில் தங்க வைத்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்கும் சான்று அது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். “தொண்ணூறு நாளா? அதுவரைக்கும் நீங்க என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள்.

மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு. எல்லாம் நான் ஏனாமிலிருந்து எழுதிய இன்லண்டு கடிதங்கள்.

1988-ல் என்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். புதுச்சேரி அரசில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். ஒரே நிர்வாகம்தான், ஆனால் 800 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஆந்திராவுக்குள் கோதாவரிக் கரையில் இருக்கிற ஊர். இங்கிருந்து பஸ்ஸில் மெட்ராஸ், அங்கிருந்து ரயிலில் சாமல்கோட், பிறகு காக்கிநாடா, அதற்குப் பிறகும் ஒரு பஸ். அப்பா படுக்கையில் இருந்தார். மகள் கைக்குழந்தை. குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. நான் மட்டும் போய் ஒரு அறை எடுத்து இரண்டரை வருடம் இருந்தேன்.

லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் என் பெட்டியை அவள்தான் கட்டுவாள். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், தாளிப்பு வடகம், தைத்துச் சரிசெய்த சட்டைகள். நான் வாசலில் நின்று பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்துவேன். ஊர் விட்டு ஊர் போய்க் கஷ்டப்படுகிறவன் நான்தான் என்பது அன்றைக்கு என் நினைப்பு.

கடிதங்களை எண்ணினேன், 41. தரையிலேயே உட்கார்ந்து படித்தேன். எல்லாம் பட்டியல்கள். வடகம் தீர்ந்துவிட்டது. ஜிபிஎஃப் காகிதம் பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கும், அனுப்பு. மாற்றல் விஷயமாக இன்னாரைப் போய்ப் பார். ஒரு கடிதத்தின் கடைசி வரியில், “பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என நினைக்கிறேன்” என்று இருந்தது. அடுத்த கடிதத்தில் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று 41-ல் ஒன்றில்கூட நான் கேட்கவில்லை.

அவள் எனக்கு எழுதியவை? ஏனாமில் அறையைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

அன்று மாலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். இந்த முறை கட்டுகிறவன் நான். 23 கிலோவுக்குள் அடங்க வேண்டும். நெய்யும் பால்கோவாவும் அங்கே கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள் என்று, நிழலில் உலர்த்திப் பொடி செய்திருந்தாள். சுக்கு, ஓமம், பத்தியப் பொடி, வடகம். அந்த வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘வதுவான்’ என்று பாட்டிலில் போட்டு விற்கிறார்கள். அவளுக்கென்று பெட்டியில் இருந்தது நான்கு புடவையும் ஒரு கம்பளிச் சட்டையும்தான்.

“அப்ப பாப்பாவுக்கு எத்தனை நாள் காய்ச்சல்?” என்று கேட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று உடனே புரிந்துகொண்டாள். “பதினோரு நாள். டைபாய்டு. ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் துணைக்கு வந்தாங்க.”

“ஏன் எனக்கு எழுதல?”

“எழுதியிருந்தா ரயில்ல வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்திருப்பீங்க. அந்த ஓமப் பொட்டலத்தை எங்க வச்சீங்க?”

அவளுக்கு அது முடிந்துபோன விஷயம். எனக்கு அன்றுதான் ஆரம்பித்தது.

அவள் போய் 19 நாள் ஆகிறது. கேஸ் சிலிண்டர், பால் கணக்கு, அக்காவின் மாத்திரை என்று நான் செய்யவேண்டியதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் இரவு எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். அங்கே அப்போது மாலை ஐந்து. “சாப்பிட்டீங்களா?” என்று அவள் கேட்பதற்கு முன் நான் கேட்டுவிடுகிறேன். அவள் சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

நேற்று எழுதியது: இரண்டு காலிலும் லேசாக வீக்கம். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

நான் சொல்லிவிட்டேன்.